குக்கர் கேஸ்கெட்

செம்பூர் ஸ்டேஷனிலிருந்து வீடு
பதினான்கு நிமிடமாக இருந்தது
போன மழைக்கு முன்புவரை.
பிறகு ஏ.டி.எம். வரைக்கும் ஒரு நடை,
அங்கிருந்து பூக்காரி வரைக்கும் ஒரு நடை.
தீபாவளிக்குள்
ஏ.டி.எம்மும் தூரமாகிவிட்டது.
ஹஸ்முக்பாயின் பாத்திரக் கடை வாசலிலேயே
கால் நின்றுவிடும்.

வலி என்று முதலில் சொல்ல முடியவில்லை.
புட்டத்தில் ஒரு கனம்.
தொடைக்குப் பின்னால் யாரோ
ஈரச் சாக்கை இழுத்துக்கொண்டு இறங்குகிற மாதிரி.
கெண்டைக்காலில் எறும்பு.
அப்புறம் பாதமே என்னுடையதில்லை.
செருப்பு கழன்றுவிட்டதை
தெருவில் போகிறவர்கள்தான் சொல்ல வேண்டும்.

சும்மா நிற்க வெட்கம்.
கடைக்குள் ஏறி
கல்லாமேசையில் இரண்டு முழங்கையும் ஊன்றிக்
குனிந்து விலை கேட்பேன்.
தவலை என்ன விலை, தாம்பாளம் என்ன விலை.
இரண்டு நிமிடத்தில் சாக்கு போய்விடும்,
பாதம் திரும்பி வரும்.
இடம் கொடுத்ததற்கு ஒரு கேஸ்கெட்.
வீட்டில் இப்போது பதினொரு கேஸ்கெட்,
குக்கர் ஒன்றுதான்.

சர்க்கரை என்றார்கள். இல்லை.
வாயு என்றாள் நாகர்கோவிலிலிருந்து மதினி,
போனிலேயே கண்டுபிடித்து.
ஐம்பத்தொன்பது வயது என்றான் மகன்,
அது ஒரு நோயின் பெயர் போல.

டி-மார்ட்டில் மட்டும் நான் பழைய ஆள்.
வண்டிக் கம்பியில் மார்பைச் சாய்த்துக்கொண்டு
உளுந்து, பினாயில், தள்ளுபடியில் போட்ட பெட்ஷீட்,
ஒரு மணி நேரம் சுற்றுவேன்.
"கோயிலுக்கு நடக்க முடியாதாம்,
கடைக்கு மட்டும் முடியுமாம்"
என்றார் வீட்டுக்காரர்.
பதில் இல்லை என்னிடம்.
எனக்கே என்மேல் சந்தேகம்தான்.

அந்த ரோஷத்தில் போனேன்
செட்டா நகர் முருகனைப் பார்க்க.
படி முழுக்க ஏறிவிட்டேன், நம்பமாட்டீர்கள்.
சந்நிதியில் நிமிர்ந்து நின்றபோது ஆரம்பித்தது.
இறங்கும் வழியில்
முப்பதாவது படியில் உட்கார்ந்தேன்.
தேங்காய் மூடியோடு ஒரு குடும்பம்
என்னைச் சுற்றிக்கொண்டு போனது.
ஏறுகிறவர்கள் எல்லாம் குனிந்து ஏறுகிறார்கள்,
இறங்குகிறவர்கள் நிமிர்ந்து இறங்குகிறார்கள்.
அவ்வளவுதான் பார்த்தேன்.
அது போதுமாக இருந்தது.

சயானில் டாக்டர் பர்வீன் மெர்ச்சன்ட்
முதலில் என் இரண்டு பாதத்தின் மேலும்
விரல் வைத்து நாடி பார்த்தார்.
ரத்தம் ஒழுங்காகத்தான் வந்து போகிறது.
பிறகு கேட்டார்,
ஒருவரும் கேட்காத ஒன்று:
"நின்றால் போதுமா, உட்காரணுமா?"
நின்றால் போதாது, குனியணும் என்றேன்.
பேனாவைக் கீழே வைத்தார்.

முதுகெலும்புக்குள் நரம்பு போகிற சந்து.
இருபக்கமும் வீட்டை இழுத்து இழுத்துக் கட்டி
நம்மூர்ச் சந்துபோல ஆகிவிட்டதாம்.
நிமிர்ந்தால் இன்னும் நெருக்கும்,
குனிந்தால் ஒரு விரற்கடை விடும்.
எதற்கும் ஸ்கேனில் பார்த்துவிடலாம்.

உரக் கம்பெனி கேட்டில்
மூன்று மணி நேரம் கொடி பிடித்து நின்ற இடுப்பு இது
என்று சொல்ல வாயெடுத்தேன்.
அவர் சீட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்:
சிறுநீர் அடைத்தாலோ, தெரியாமல் போனாலோ,
சைக்கிள் சீட்டில் படுகிற இடம் மரத்தாலோ,
பாதம் திடீரென்று தொங்கிவிட்டாலோ
அன்றைக்கே வரவேண்டும். நடுராத்திரியானாலும்.
அதை ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கிறேன்,
கேஸ் புக்கிங் நம்பருக்குப் பக்கத்தில்.

நேற்று ஹஸ்முக்பாயிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன்.
சிரிப்பார் என்று நினைத்தேன்.
ஸ்டூலை இழுத்துப் போட்டார்.
காட்கோபரில் அவர் அண்ணன்
நடக்கச் சொன்னால் நாலு கடை தாண்டமாட்டாராம்,
சைக்கிளில் மட்டும் விக்ரோலி வரை போய்வருவாராம்.
"நாடகம் போடுகிறார், ஆன்ட்டி."

நின்றால் போதுமா அவருக்கு,
உட்காரணுமா என்று கேட்டேன்.

துடைத்துக்கொண்டிருந்த தவலையை
மடியில் வைத்துக்கொண்டு
யோசிக்க ஆரம்பித்தார்.